லாராவெல் தளத்தை லைவ் சர்வரில் ஏற்ற எது சரி: கிட் புல்லா, ஆர்சிங்க்கா, ரிலீஸ் ஃபோல்டரா?

கேள்வி: மழைநாள்_கோடர்

வணக்கம். ஆர்டர் எடுக்கும் தளம் ஒன்று, லாராவெல் 11 என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் எழுதியது. சர்வர் ஒன்றே ஒன்றுதான்: 2 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க் உள்ள விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), உபுண்டு 24.04, என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பிஎச்பி 8.3 எஃப்பிஎம் (பிஎச்பியை ஓட்டும் ப்ராசஸ்கள்), மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ். மெயில் அனுப்ப, வரிசையில் நிற்கும் வேலைகளைப் பின்னணியில் செய்யும் ஒரு க்யூ வொர்க்கர் சூப்பர்வைசரில் (நின்றால் மறுபடி கிளப்பும் கருவி) ஓடுகிறது. ஃப்ரன்ட்எண்டை பில்ட் செய்ய வீட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். கோட் கிட்ஹப்பில் பிரைவேட் ரெப்போவாக இருக்கிறது. டீமில் எல்லோரிடமும் விண்டோஸ் லேப்டாப்.

இப்போதைய வழி: லேப்டாப்பில் பில்ட் செய்து, மாறிய ஃபைல்களை மட்டும் ஃபைல்ஜில்லாவில் எஸ்எஃப்டிபி வழியாக ஏற்றுவது. வெண்டர் ஃபோல்டர் (வெளி லைப்ரரிகள் இருப்பது) மாறினால் ஏறி முடிய நெடுநேரம் ஆகிறது. அதுவரை தளத்தில் 500 எரர். எது ஏறியது, எது விடுபட்டது என்று பார்க்க வழியில்லை. பகலில் தளத்தை நிறுத்தவும் முடியாது.

கிட் புல், ஆர்சிங்க் (ஃபைல்களை ஒத்திசைத்து ஏற்றும் கருவி), ரிலீஸ் ஃபோல்டர் வைத்து சிம்லிங்க்கை (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) மாற்றுவது, டாக்கர் (அப்ளிகேஷனைக் கன்டெய்னரில் ஓட்டும் முறை) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த அளவு சர்வருக்கு எது பொருத்தம்? தப்பான கோட் போய்விட்டால் ஒரு நிமிடத்துக்குள் பழையதற்குத் திரும்ப வேண்டும். பிற்பாடு இரண்டாவது சர்வர் சேர வாய்ப்பு உண்டு.


பதில்: ஷெல்_சித்தன்

கிட் புல்லே போதும். ஆனா சில விஷயம் சரியா இருக்கணும்.

முதல்ல, என்ஜின்எக்ஸ்ல ரூட்டா கொடுத்திருக்கிறது ப்ராஜெக்ட்டுக்குள்ள இருக்கிற பப்ளிக் ஃபோல்டரா இருக்கணும், ப்ராஜெக்ட் ஃபோல்டரா இருக்கக்கூடாது. டொமைன் பேருக்குப் பின்னாடி "/.கிட்/கான்ஃபிக்"னு பிரவுசர்ல அடிச்சுப் பாருங்க. 403 இல்லேன்னா 404 வந்தா சரி. அந்த ஃபைல் திறந்துச்சுன்னா மொத்த சோர்ஸ் கோடையும், பழைய கமிட்ல யாராவது மறந்து விட்ட பாஸ்வேர்டோட சேர்த்து, வெளியாள் இறக்கிக்கலாம். இதைத் தேடிக்கிட்டே சுத்துற பாட் ஏகப்பட்டது இருக்கு.

கிட்ஹப்ல உங்க சொந்த கீயைப் போடாதீங்க. அந்த ரெப்போவுக்கு மட்டும் டெப்ளாய் கீ, ரீட் ஒன்லி.

"புல்"னு சொன்னாலும் உண்மையில செய்ய வேண்டியது ஃபெட்ச், அப்புறம் ஆரிஜின் மெயினுக்கு ஹார்ட் ரீசெட். புல் மெர்ஜ் பண்ணப் பார்க்கும். யாராவது சர்வர்லயே ஒரு வரி திருத்தி வச்சிருந்தா அங்கேயே நின்னுடும். ஹார்ட் ரீசெட் அதைத் துடைச்சுட்டு போகும். கிட் இக்னோர் லிஸ்ட்ல இருக்கிற .என்வ் (பாஸ்வேர்ட், செட்டிங் எல்லாம் இருக்கிற ஃபைல்), ஸ்டோரேஜ் எதையும் தொடாது. "கிட் க்ளீன்"ஐ எஃப், டி, எக்ஸ் மூணும் சேர்த்து மட்டும் ஓட்டவே ஓட்டாதீங்க. எக்ஸ் போட்டா இக்னோர் ஆன ஃபைலையும் அழிக்கும்: .என்வ் போகும், வெண்டர் போகும், கஸ்டமர் ஏத்தின படமும் போகும்.

ரூட் யூசரா ஓட்டாதீங்க. ஒரு தடவை ரூட்ல ஓட்டினா .கிட்டுக்குள்ள சில ஃபைல் ரூட் பேர்ல போய் உட்கார்ந்துக்கும், அடுத்த தடவை டெப்ளாய் யூசருக்கு பர்மிஷன் டினைட். கிட் 2.35.2 வெர்ஷன்லேர்ந்து ஃபோல்டர் ஓனர் வேற, ஓட்டுற யூசர் வேறன்னா "ஓனர்ஷிப் சந்தேகமா இருக்கு"ன்னு சொல்லி கிட்டே மறுத்துடும். அதுக்கு சேஃப் டைரக்டரில நட்சத்திரக் குறி போடச் சொல்லி ஊர் பூரா எழுதி வச்சிருக்காங்க. ஓனரைச் சரி பண்றதுதான் வழி.

அப்புறம் கம்போசர் இன்ஸ்டால் (நோ-டெவ்) போட்டு லைப்ரரியை இறக்கி, லாராவெலோட ஆர்ட்டிசன் கமாண்ட்ல டவுன் (தளத்தை நிறுத்த), மைக்ரேட் (டேபிள் அமைப்பை மாத்த), அப். சின்ன டீம், ராத்திரி டெப்ளாய்னா இதுக்கு மேல வேண்டாம்.


பதில்: நடுநிசி_பேட்ச்

சித்தன் சொன்ன எச்சரிக்கைகள் எல்லாம் சரி. ஆனால் கேட்டவருக்குப் பகலில் நிறுத்த முடியாது, ஒரு நிமிடத்தில் திரும்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் கிட் புல் ஒத்துவராது. கிட் ஃபைல்களை ஒவ்வொன்றாகத்தான் மாற்றும். அதற்குப் பிறகு கம்போசர் ஓடி முடிக்கும் வரை புதிய கோட், பழைய வெண்டர் என்ற கலவையில் தளம் ஓடும். கம்போசர் நடுவில் தோற்றால் லைவ் தளமே பாதி நிலையில் நிற்கும். 2 ஜிபி ராமில் மைஎஸ்க்யூஎல் ஓடிக்கொண்டிருக்க, நோட் பில்டையும் அங்கேயே ஓட்டினால் கெர்னல் எதையாவது கொன்றுவிடும். பல சமயம் அது மைஎஸ்க்யூஎல்லாகவே இருக்கும், ஏனென்றால் அதிக மெமரி பிடித்திருப்பது அதுதான்.

எந்தக் கருவியில் ஃபைலை அனுப்புவது என்பது இதில் இரண்டாவது கேள்வி. பில்ட் எங்கே நடக்கிறது, புதிய கோட் எந்த நொடியில் லைவ் ஆகிறது: இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். பில்ட் வேறு மெஷினில் நடக்கட்டும். சர்வரில் புதிய ஃபோல்டரில் எல்லாம் தயாராகட்டும். கடைசியில் ஒரே ஒரு ரீநேம். அந்த ஃபோல்டருக்குள் ஃபைல் போனது எஸ்சிபியிலா, ஆர்சிங்க்கிலா என்பது பெரிய விஷயமில்லை.

ஃபோல்டர் அமைப்பு:

அப்ளிகேஷன் ஃபோல்டருக்குள் மூன்று. "ரிலீஸஸ்" என்பதில் ஒவ்வொரு டெப்ளாய்க்கும் தேதி, நேரத்தைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர். "ஷேர்ட்" என்பதில் .என்வ் ஃபைலும் ஸ்டோரேஜ் ஃபோல்டரும். "கரன்ட்" என்பது ஓடவேண்டிய ரிலீஸைக் காட்டும் சிம்லிங்க். என்ஜின்எக்ஸின் ரூட் "கரன்ட்/பப்ளிக்". ரூபி உலகின் கேபிஸ்ட்ரானோ பரப்பிய அமைப்பு இது. பிஎச்பிக்கு டெப்ளாயர் என்ற கருவி இதையே செய்கிறது. நாற்பது வரி பாஷ் ஸ்கிரிப்டிலும் முடியும். முதல் தடவை ஸ்கிரிப்டாகவே எழுதுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கைக்குப் பழகும்.

பில்ட்: கிட்ஹப் ஆக்ஷன்ஸில் செய்யுங்கள், லேப்டாப்பில் வேண்டாம். விண்டோஸ் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். யூஸர்கன்ட்ரோலர் ஃபைலின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் லேப்டாப்பில் ஓடும், சர்வரில் "கிளாஸ் நாட் ஃபவுண்ட்" வரும். ஷெல் ஸ்கிரிப்ட் விண்டோஸ் வரிமுடிவோடு போனால் "பேட் இன்டர்ப்ரெட்டர்" வரும். லினக்ஸ் ரன்னரில் டெஸ்டும் ஓடினால் இவை இரண்டும் அங்கேயே அகப்பட்டுவிடும்.

ரன்னரில் பிஎச்பி 8.3ஐயே போடுங்கள். வேறு வெர்ஷனில் வெண்டர் தயாரானால், கம்போசர் வைக்கும் பிளாட்ஃபார்ம் செக் சர்வரில் முதல் ரிக்வெஸ்டிலேயே தளத்தை நிறுத்திவிடக்கூடும். கம்போசர் லாக் ஃபைல் ரெப்போவில் இருக்கவேண்டும். "இன்ஸ்டால்"தான், "அப்டேட்" அல்ல. நோ-டெவ், ஆப்டிமைஸ் ஆட்டோலோடர் இரண்டும் சேருங்கள். என்பிஎம்முக்கு "சிஐ" கமாண்ட். பிறகு நோட் மாட்யூல்ஸ், டெஸ்ட்ஸ், .கிட் மூன்றையும் விட்டுவிட்டு மீதியை ஒரே டார் ஜிஜிப் ஃபைலாகக் கட்டுங்கள். வெண்டரின் பல ஆயிரம் குட்டி ஃபைல்களை ஒவ்வொன்றாக அனுப்புவதால்தான் ஃபைல்ஜில்லாவில் அவ்வளவு நேரம்: ஒவ்வொரு ஃபைலுக்கும் போய்வரும் நேரம் தனி. ஒரே ஃபைலாகப் போனால் நிமிடக் கணக்கு நொடிக் கணக்காகும். கமிட் நம்பரை "ரிவிஷன்" என்ற சின்ன ஃபைலில் எழுதி உள்ளேயே வையுங்கள்.

சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட், இதே வரிசையில்:

தொடக்கத்திலேயே "செட்" கமாண்டில் இ, யு, பைப்ஃபெயில் மூன்றும். எந்த வரி தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்கும். சிம்லிங்க் மாறாததால் லைவ் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டாமலிருக்க எஃப்லாக் என்ற பூட்டு.

புதிய ரிலீஸ் ஃபோல்டரை உருவாக்கி டாரை விரியுங்கள். டாருக்குள் இருக்கும் ஸ்டோரேஜ் ஃபோல்டரை அழித்துவிட்டு, அதன் இடத்தில் ஷேர்ட் ஸ்டோரேஜுக்கு சிம்லிங்க். அழிக்காமல் விட்டால் எரர் வராது. ஸ்டோரேஜுக்குள் இன்னொரு ஸ்டோரேஜ் லிங்க் உருவாகி, லாகும் அப்லோடும் ரிலீஸ் ஃபோல்டருக்குள்ளேயே விழும். ஐந்தாறு டெப்ளாய் கழித்து அந்த ரிலீஸ் அழியும்போது கஸ்டமர் படங்களும் சேர்ந்து போகும். இந்த அமைப்பில் இதைவிட மோசமான பள்ளம் இல்லை. .என்வ்க்கும் அதேபோல் லிங்க். பூட்ஸ்ட்ராப் கேஷ் ஃபோல்டரை மட்டும் ஷேர்ட் ஆக்காதீர்கள், அது ரிலீஸுக்கு ரிலீஸ் தனியாக இருக்கவேண்டும்.

கான்ஃபிக் கேஷ், ரூட் கேஷ் இரண்டும் சர்வரில், அந்த ரிலீஸ் ஃபோல்டரில் வைத்தே ஓடட்டும். கான்ஃபிக் கேஷ் முழு பாதையையும் எழுதிவைக்கும். கிட்ஹப் ரன்னரில் ஓட்டி டாரில் கட்டினால், சர்வரில் இல்லாத பாதையில் போய் லாக் எழுதப் பார்க்கும். இன்னொன்று: கான்ஃபிக் கேஷ் ஆனபின், கான்ஃபிக் ஃபைல்களுக்கு வெளியே என்வ் ஃபங்ஷனை நேராகக் கூப்பிட்டால் நல் வரும். கோடில் அப்படி இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். ஸ்டோரேஜ் லிங்க் கமாண்டும் ஒவ்வொரு ரிலீஸிலும் ஓடவேண்டும், இல்லையென்றால் படங்கள் 404.

பழைய ரிலீஸின் பில்ட் ஃபோல்டரில் உள்ள அசெட்ஸ் ஃபைல்களைப் புதியதற்குள், இருப்பதை மேலெழுதாமல், காப்பி செய்யுங்கள். வீட் ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) சேர்க்கிறது. டெப்ளாய்க்கு முன் பக்கத்தைத் திறந்தவர் ஒரு மெனுவைத் தட்டும்போது அவருடைய பிரவுசர் பழைய பெயரைத்தான் கேட்கும். அது இல்லாவிட்டால் வெள்ளைத் திரை. மேனிஃபெஸ்ட்டை (எந்தப் பெயர் எந்த ஃபைல் என்ற பட்டியல்) தொடாதீர்கள், அசெட்ஸ் மட்டும்.

அடுத்து மைக்ரேட், ஃபோர்ஸ் ஆப்ஷனோடு. ப்ரொடக்ஷனில் அது இல்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும்.

இனி மாற்றம். நேரடியாக "எல்என்" கமாண்டில் எஸ், எஃப், என் போட்டு மாற்றுவதே எல்லா இடத்திலும் எழுதியிருக்கும் வழி. பல வெர்ஷன்களில் அது பழைய லிங்க்கை அழித்துவிட்டுப் புதியதைப் போடுகிறது. நடுவில் மிகச் சிறிய இடைவெளி, அப்போது வரும் ரிக்வெஸ்டுக்கு 404. அதற்குப் பதில் வேறு பெயரில் லிங்க் உருவாக்கி, "எம்வி" கமாண்டில் பெரிய டி ஆப்ஷனோடு "கரன்ட்" மேல் நகர்த்துங்கள். அது கெர்னலில் ஒரே ரீநேம், இடைவெளி கிடையாது. பெரிய டி விடுபட்டால் லிங்க் காட்டும் ஃபோல்டருக்குள்ளே போய் விழும். எரரும் வராது, டெப்ளாயும் ஆகாது.

பிறகு எஃப்பிஎம் ரீலோட், க்யூ ரீஸ்டார்ட், கர்ல் வைத்து "/அப்" பாதையில் 200 வருகிறதா என்று சோதனை. லாராவெல் 11இல் அந்தப் பாதை புதிய ப்ராஜெக்ட்டிலேயே வருகிறது. வராவிட்டால் ஸ்கிரிப்டே முந்தைய ரிலீஸுக்கு லிங்க்கைத் திருப்பட்டும். ரோல்பேக் என்பதும் அதே இரண்டு வரி: ரீநேம், ரீலோட். நொடிகளில் முடியும்.

கடைசியில் ஐந்து ரிலீஸை வைத்துக்கொண்டு மீதியை அழியுங்கள். வெண்டரோடு ஒரு ரிலீஸ் பொதுவாக 100 முதல் 200 எம்பி, எனவே 40 ஜிபிக்கு இது சுமையே இல்லை. அழிக்க மறந்தால் இடத்துக்கு முன் ஐநோட் (ஃபைல் எண்ணிக்கைக்கான வரம்பு) தீரலாம்: "டிஸ்க் ஃபுல்" என்று சொல்லும், டிஎஃப் கமாண்டில் பார்த்தால் இடம் இருக்கும். டிஎஃப்பை ஐ ஆப்ஷனோடு பாருங்கள்.

ஆர்சிங்க் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரிலீஸ் ஃபோல்டருக்குள் ஏற்ற அது நல்ல கருவி. லைவ் ஃபோல்டர் மேல் நேராக ஓட்டுவதாக இருந்தால் மட்டும் கவனம். டெலீட் ஆப்ஷன் இல்லாவிட்டால் நீக்கிய ஃபைல் சர்வரில் தங்கும்; இருந்தால், எக்ஸ்க்ளூட் செய்ய மறந்த ஸ்டோரேஜ் காலி. முதலில் எப்போதும் சின்ன என் ஆப்ஷனில் வெள்ளோட்டம். மூலப் பாதையின் முடிவில் சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே உள்ளே ஒரு ஃபோல்டராகப் போகும்.


பதில்: டேபிள்_லாக்

மைக்ரேஷனை ஒரே வரியில் தாண்டிவிட்டார் நடுநிசி. கோட் நொடியில் திரும்பும், டேட்டாபேஸ் திரும்பாது. அதுதான் "ஒரு நிமிடத்தில் ரோல்பேக்" என்பதன் உண்மையான எல்லை.

மேலே சொன்ன வரிசையில் மைக்ரேட் ஓடி முடிந்த பிறகுதான் லிங்க் மாறுகிறது. அதாவது கொஞ்ச நேரம் பழைய கோட் புதிய டேபிளோடு ஓடும். ரோல்பேக் செய்தாலும் அதே நிலைதான். எனவே ஒவ்வொரு மைக்ரேஷனும் முந்தைய ரிலீஸின் கோடும் தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும். காலம் (டேபிளின் நெடுவரிசை) சேர்ப்பது பிரச்சினையில்லை, நல் அனுமதியோ டிஃபால்ட்டோ இருந்தால். நீக்குவதும் பெயர் மாற்றுவதும்தான் உடைக்கும்.

"ஃபோன்" என்ற காலத்தை "மொபைல்" ஆக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் டெப்ளாயில் புதிய காலம் சேர்த்து, கோட் இரண்டிலும் எழுதட்டும், பழையதிலிருந்து படிக்கட்டும். பழைய வரிசைகளை ஆயிரம் ஆயிரமாகப் பின்னணியில் காப்பி செய்யுங்கள். இரண்டாவது டெப்ளாயில் புதியதிலிருந்து படிக்கட்டும். சில நாள் ஓடியபின், பழையதைத் தொடும் கோட் எதுவும் இல்லை என்று உறுதியானதும் மூன்றாவதில் அதை நீக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பகலில் செய்யலாம்.

மைஎஸ்க்யூஎல்லில் டேபிள் அமைப்பை மாற்றும் எந்தக் கமாண்டும் தானாகவே கமிட் ஆகும். ட்ரான்சாக்ஷனுக்குள் போட்டாலும் பயனில்லை. ஒரே மைக்ரேஷன் ஃபைலில் நான்கு மாற்றம் எழுதி மூன்றாவது தோற்றால் முதல் இரண்டும் டேபிளில் அப்படியே தங்கிவிடும். லாராவெல் அந்த ஃபைலை ஓடியதாகக் குறிக்காது. திரும்ப ஓட்டினால் "காலம் ஏற்கெனவே இருக்கிறது" என்று தடுக்கும். ஒரு ஃபைலுக்கு ஒரு மாற்றம்.

மைஎஸ்க்யூஎல் 8.0.12 முதல் டேபிளின் கடைசியில் காலம் சேர்ப்பது உடனடி வேலை, டேபிளைத் திரும்ப எழுதாது. அப்படியிருந்தும் தளம் உறைந்துபோவது உண்டு. டேபிளை மாற்றும் ஆல்டர் கமாண்டுக்கு மெட்டாடேட்டா லாக் (டேபிள் அமைப்பின் மேல் பூட்டு) வேண்டும். யாரோ ஒரு ரிப்போர்ட் க்வெரியை ஓடவிட்டிருந்தால் ஆல்டர் அதற்காகக் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட் எல்லாம் ஆல்டருக்காக வரிசையில் நிற்கும். இந்தக் காத்திருப்பின் டிஃபால்ட் வரம்பு 31536000 நொடி, அதாவது ஓர் ஆண்டு! மைக்ரேஷன் ஓடும் செஷனில் லாக் வெயிட் டைம்அவுட்டை 5 நொடியாக்குங்கள். தோற்றால் ஸ்கிரிப்ட் நிற்கும், தளம் ஓடும், அப்புறம் மறுபடி ஓட்டலாம்.

மைக்ரேட் ரோல்பேக் கமாண்டை ப்ரொடக்ஷனில் மறந்துவிடுங்கள். சேர்த்த காலத்தை அது நீக்கும்போது, இடைப்பட்ட நேரத்தில் கஸ்டமர்கள் எழுதியதும் போய்விடும். எதையாவது நீக்கும் மைக்ரேஷனுக்கு முன் மைஎஸ்க்யூஎல்டம்ப், சிங்கிள் ட்ரான்சாக்ஷன் ஆப்ஷனோடு.


மழைநாள்_கோடர்:

மிக்க நன்றி. டெஸ்ட் சர்வரில் ரிலீஸ் ஃபோல்டர் அமைத்துவிட்டேன். லிங்க் மாறுகிறது, ஆனால் ரெஃப்ரெஷ் செய்யச் செய்யப் பழைய பக்கமும் புதிய பக்கமும் மாறி மாறி வருகிறது. இரண்டு நிமிடம் கழித்து அடங்குகிறது. ரீலோட் இன்னும் ஸ்கிரிப்டில் சேர்க்கவில்லை. க்யூ வொர்க்கர் பழைய மெயில் டெம்ப்ளேட்டையே அனுப்புகிறது. இரண்டும் ஒரே காரணமா?


பதில்: நடுநிசி_பேட்ச்

வேறு வேறு காரணம்.

முதலாவது ரியல்பாத் கேஷ். "கரன்ட்" எந்த ஃபோல்டரைக் காட்டுகிறது என்பதை பிஎச்பி நினைவில் வைத்துக்கொள்ளும். டிஃபால்ட் 120 நொடி. உங்கள் இரண்டு நிமிடம் அதுதான். ஒவ்வொரு எஃப்பிஎம் ப்ராசஸுக்கும் இந்த நினைவு தனித்தனி என்பதால்தான் மாறி மாறி வருகிறது. தீர்வு என்ஜின்எக்ஸில்: ஸ்கிரிப்ட் ஃபைல்நேம், டாக்குமென்ட் ரூட் என்ற இரண்டு ஃபாஸ்ட்சிஜிஐ பாராமீட்டரிலும் "டாக்குமென்ட்_ரூட்" வேரியபிளை எடுத்துவிட்டு "ரியல்பாத்_ரூட்" போடுங்கள். லிங்க்கை ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் என்ஜின்எக்ஸே அவிழ்த்து உண்மைப் பாதையை அனுப்பும். பாதை புதிது என்பதால் ஓப்கேஷும் (பிஎச்பி தயார்செய்த கோடை மெமரியில் வைக்கும் கேஷ்) புதிய கோடையே எடுக்கும்.

அப்படியானால் ரீலோட் எதற்கு? பழைய ரிலீஸ்களின் கோட் ஓப்கேஷில் தங்கிக்கொண்டே போகும். அதன் டிஃபால்ட் 128 எம்பி, 10000 ஃபைல். சில டெப்ளாயில் நிரம்பும். நிரம்பினால் புதிய ஃபைல்கள் கேஷ் ஆகாமல் தளம் மெதுவாகும். ரீலோட் அதைக் காலி செய்யும். அதோடு எஃப்பிஎம்மின் குளோபல் பகுதியில் ப்ராசஸ் கன்ட்ரோல் டைம்அவுட் டிஃபால்ட்டாக 0. அப்படியே விட்டால் ரீலோட் நொடியில் ஓடிக்கொண்டிருந்த ரிக்வெஸ்ட் அறுந்து 502 வரும். ஆர்டர் தளத்தில் அது பணம் கட்டிக்கொண்டிருந்தவராகவும் இருக்கலாம். 10 நொடியாவது கொடுங்கள்.

இரண்டாவது, க்யூ வொர்க்கர் நீண்ட நேரம் ஓடும் ஒரே ப்ராசஸ். தொடங்கும்போது மெமரியில் ஏறிய கோடையே கடைசிவரை ஓட்டும். க்யூ ரீஸ்டார்ட் கமாண்ட் கேஷில் ஒரு நேரக்குறிப்பை எழுதும். வொர்க்கர் கையிலுள்ள வேலையை முடித்ததும் அதைப் பார்த்து வெளியேறும். சூப்பர்வைசர் மறுபடி கிளப்பும். லிங்க் மாறிய பின் ஓடவேண்டும், முன்னால் ஓடினால் பழைய கோடிலேயே மறுபிறவி எடுக்கும். சூப்பர்வைசரில் கொடுத்த ஆர்ட்டிசன் பாதை "கரன்ட்" வழியாக இருக்கட்டும். ஸ்டாப் வெயிட் செகண்ட்ஸை உங்கள் மிக நீண்ட வேலையைவிடக் கூடுதலாக வையுங்கள்.

இரண்டாவது சர்வர் வரும்போது: டாரை இரண்டுக்கும் அனுப்பி, இரண்டிலும் எல்லாம் தயாரான பிறகே லிங்க்கை மாற்றுங்கள், மைக்ரேட் ஒன்றில் மட்டும். முடிந்ததும் இரண்டின் "ரிவிஷன்" ஃபைலும் ஒன்றா என்று ஸ்கிரிப்டே ஒப்பிடட்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வரில் ஒன்றுக்குப் புதிய கோட் போகவில்லை. அதில் கிடந்த பழைய கோட் உயிர்பெற்று, 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கையால் ஏற்றியதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை.


கேள்வி: பனங்கிழங்கு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு ஷேர்ட் ஹோஸ்டிங், சிபேனல் மட்டும்தான், எஸ்எஸ்எச் கிடையாது. இதில் ஏதாவது ஒத்துவருமா? டாக்கர் பற்றியும் யாரும் சொல்லவில்லையே.


பதில்: ஷெல்_சித்தன்

ஒத்துவரும், லிங்க்குக்குப் பதில் ரீநேம். வெண்டரோட சேர்த்து ஜிப் பண்ணி, ஃபைல் மேனேஜர்ல பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு வெளிய ஏத்துங்க. "அப்_புது"ன்னு ஒரு ஃபோல்டர்ல விரிச்சு, .என்வையும் ஸ்டோரேஜையும் பழையதுலேர்ந்து காப்பி பண்ணுங்க. பப்ளிக் எச்டிஎம்எல்ல இருக்கிற இன்டெக்ஸ் ஃபைல் "அப்" ஃபோல்டரைக் கூப்பிடுற மாதிரி இருக்கட்டும். அப்புறம் "அப்" பேரை "அப்_பழசு"ன்னு மாத்தி, "அப்_புது"வை "அப்" ஆக்குங்க. சில நொடி எரர் வரும், அவ்வளவுதான். திரும்பணும்னா அதே ரெண்டு ரீநேம் தலைகீழா. காப்பி பண்ணதுக்கும் ரீநேமுக்கும் நடுவுல யாராவது படம் ஏத்தினா அது பழசுலயே நின்னுடும், அதனால ஆள் வராத நேரமா பாருங்க. ஜிப்பை மட்டும் பப்ளிக் எச்டிஎம்எல்ல விட்டுட்டுப் போகாதீங்க, பேரை யூகிச்சு இறக்குவாங்க.

டாக்கர்: ஒரே சர்வர்ல பிஎச்பி 7.4 ஒண்ணு, 8.3 ஒண்ணுன்னு ரெண்டு மூணு அப்ளிகேஷன் இருந்தா அருமை. ஒரே அப்ளிகேஷனுக்கு 2 ஜிபி பெட்டியில அவசியமில்ல. கம்போஸ் அப் போட்டா பழைய கன்டெய்னரை நிறுத்திட்டுத்தான் புதுசு கிளம்பும். இடைவெளி இல்லாம பண்ண முன்னாடி ஒரு ப்ராக்ஸி வேணும். டேக் "லேட்டஸ்ட்"னு வைக்காம கமிட் நம்பரா வைங்க, இல்லேன்னா எதுக்குத் திரும்பறதுன்னே தெரியாது. முக்கியமா, டாக்கர்ல வெளிய திறந்த போர்ட் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைச் சுத்திப் போயிடும். மைஎஸ்க்யூஎல் 3306ஐ அப்படித் திறந்து வச்சுட்டு ஃபயர்வால் காப்பாத்தும்னு இருந்தா காப்பாத்தாது. 127.0.0.1ல மட்டும் கட்டுங்க.


மழைநாள்_கோடர்:

ரியல்பாத் மாற்றியதும் சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்கு எஸ்எஸ்எச் கீ கொடுக்கவேண்டும், எஃப்பிஎம் ரீலோடுக்கு சூடோ (ரூட் உரிமையில் ஓட்டும் அனுமதி) வேண்டும். கீ கசிந்தால் சர்வரே போய்விடாதா?


பதில்: டேபிள்_லாக்

முழு உரிமை கொடுத்தால் போகும். டெப்ளாய் என்று தனி யூசர், பாஸ்வேர்ட் லாகின் இல்லாமல். ஆத்தரைஸ்ட் கீஸ் ஃபைலில் அந்தக் கீயின் முன்னால் "ரெஸ்ட்ரிக்ட்" என்றும், "கமாண்ட்" ஆப்ஷனில் உங்கள் டெப்ளாய் ஸ்கிரிப்டின் பாதையும் எழுதுங்கள். பிறகு அந்தக் கீயால் வேறு எந்தக் கமாண்டும் ஓடாது, ஷெல்லும் கிடைக்காது. டார் ஃபைலை ஸ்கிரிப்டே ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வாங்கிக்கொள்ளட்டும். எஸ்சிபிக்குத் தனி வழி திறக்க வேண்டாம். இதற்குப் பிறகும் கீ வைத்திருப்பவர் தன் கோடை டாரில் கட்டி ஏற்றலாம், ஆகவே கீ எப்போதும் சீக்ரெட்ஸில்தான்; மெயின் பிராஞ்சுக்கு ரிவ்யூ இல்லாமல் யாரும் புஷ் செய்யமுடியாதபடி பூட்டுங்கள்.

சூடோயர்ஸில் விசூடோ வழியாக ஒரே ஒரு வரி: டெப்ளாய் யூசர், சிஸ்டம்சிடிஎல்லின் முழுப் பாதை, ரீலோட், எஃப்பிஎம் சர்வீஸின் பெயர், பாஸ்வேர்ட் கேட்காமல். நட்சத்திரக் குறி எங்கும் வேண்டாம்.

கோடின் ஓனர் டெப்ளாய், குரூப் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ஃபோல்டர் 750, ஃபைல் 640. எஃப்பிஎம் எழுதவேண்டியது ஸ்டோரேஜிலும் பூட்ஸ்ட்ராப் கேஷிலும் மட்டும். 777 எங்காவது தென்பட்டால், யாரோ ரூட்டாக ஆர்ட்டிசன் ஓட்டி, லாக் ஃபைல் ரூட் பேரில் உருவாகி, அதைச் சரிசெய்யத் தெரியாமல் போட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரன்னரில் சர்வரின் ஹோஸ்ட் கீயை நோன் ஹோஸ்ட்ஸ் ஆக முன்கூட்டியே சேமித்து வையுங்கள். ஒவ்வொரு ரன்னிலும் கீஸ்கேன் ஓட்டி வாங்குவது, எதிரே யார் நின்றாலும் நம்புவதற்குச் சமம். வொர்க்ஃப்ளோவில் கன்கரன்சி குரூப் ஒன்று வையுங்கள், ஓடும் டெப்ளாயை நடுவில் ரத்து செய்யாத வகையில். அடுத்தது வரிசையில் காத்திருக்கட்டும்.